கிராக்சைடு: ஓடை விளக்கேற்றிய வீடும் ஆம்ஸ்ட்ராங் குடும்பமும்

கேட்கப்பட்ட கேள்வி இது: இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உள்ள கிராக்சைடு மாளிகைதான் உலகிலேயே முதன்முதலில் நீர்மின்சாரத்தால் விளக்கெரிந்த வீடு என்கிறார்களே, அது உண்மையா? 1880-களில் அதை எப்படிச் செய்தார்கள்? அதைக் கட்டிய ஆம்ஸ்ட்ராங் யார், அந்தக் குடும்பம் பிறகு என்ன ஆனது?

உண்மைதான். ஆனால் "முதல்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். 1878-இல் அந்த வீட்டின் ஓவியக் கூடத்தில் ஒரு வில்விளக்கு எரிந்தது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்பொறி பாய்ந்து எரியும் விளக்கு அது. கண்ணைக் கூசும், சத்தம் போடும், வாசனையும் வரும். இரண்டு வருடம் கழித்து, 1880 டிசம்பரில், கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் கார்பன் இழை பல்புகள் வந்தன. இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தது தோட்டத்துக்குள் ஓடிய ஓடை. ஆக, "நீர்மின்சாரத்தால் விளக்கேற்றிய முதல் வீடு" என்பது நிற்கும். "மின்விளக்கு எரிந்த முதல் வீடு" என்று யாராவது எழுதினால் நிற்காது. கேட்ஸ்ஹெட்டில் இருந்த ஸ்வானின் சொந்த வீட்டையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். தன் விளக்குகளை ஒழுங்காக நிறுவிய முதல் வீடு தனக்குத் தெரிந்து கிராக்சைடுதான் என்று ஸ்வானே பின்னால் சொல்லியிருக்கிறார். பொதுமக்களுக்கான மின் விநியோகம் என்று பார்த்தால் அது தெற்கே காடல்மிங் ஊரில், 1881-இல். அதுவும் தண்ணீரை நம்பித்தான் தொடங்கியது.

இந்த வீட்டைப் புரிந்துகொள்ள விளக்கிலிருந்து தொடங்குவதை விட உயரத்திலிருந்து தொடங்குவது நல்லது. வில்லியம் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் (1810–1900) தன் வாழ்நாள் முழுக்க விற்ற சரக்கு, ஒரு வகையில், உயரத்தில் நிற்கும் தண்ணீர்தான். நியூகாசிலில் தானிய வியாபாரியின் மகன். தகப்பனார் 1850-இல் அந்த நகரத்தின் மேயர் ஆனார். மகனை வக்கீல் தொழிலுக்கு அனுப்பினார்கள். அவரும் பல வருடம் அதைச் செய்தார். 1830-களின் நடுவில் டென்ட்டேலில் மீன் பிடிக்கப் போன இடத்தில், ஒரு சலவைக்கல் குவாரியை ஓட்டிய தண்ணீர்ச் சக்கரத்தைப் பார்த்தார். மலையிலிருந்து அவ்வளவு உயரம் இறங்கி வரும் தண்ணீரில், சக்கரத்தின் உயரத்துக்கு உட்பட்ட சிறு பங்கு மட்டும் வேலை செய்கிறது, மீதியெல்லாம் வீணாகப் பாறையில் விழுகிறது என்பது அவருக்கு உறைத்தது. அந்த வீணாகும் உயரத்தைக் குழாய்க்குள் அடைத்து அழுத்தமாக மாற்றினால்? 1846-இல் நியூகாசில் துறைமுகத்தில் நகரத்துக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தாலேயே ஓடும் கிரேனைப் போட்டுக் காட்டினார். மறு வருடம் எல்ஸ்விக் தொழிற்சாலை. வக்கீல் வேலைக்கு முழுக்கு.

மலை இல்லாத ஊரில் என்ன செய்வது? கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-இல் முடிந்த, சுமார் 94 மீட்டர் உயரக் கோபுரத்தை இன்றும் பார்க்கலாம். துறைமுகக் கதவுகளையும் கிரேன்களையும் இயக்க, அதன் உள்ளே உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். கோபுரம் முடிவதற்குள்ளேயே ஆம்ஸ்ட்ராங் அதைத் தேவையற்றதாக்கிவிட்டார்! செங்குத்தாக நிற்கும் ஒரு பெரிய உருளை, அதற்குள் பிஸ்டன், பிஸ்டன் மேல் பல டன் கல்லும் இரும்பும். பம்ப் தண்ணீரை உள்ளே தள்ளும்போது பாரம் மேலே ஏறும். யாராவது கிரேனைத் திறந்தால் பாரம் கீழே இறங்கித் தண்ணீரை நெருக்கும். கோபுரம் கட்டாமலே கோபுரத்தைவிடப் பல மடங்கு அழுத்தம். இந்த அழுத்தக் கிடங்குதான் அவருடைய முதல் பெரிய பணம். லண்டன் டவர் பிரிட்ஜ் 1894-இல் திறந்தபோது அதைத் தூக்கிய இயந்திரங்களும் அவர் நிறுவனத்துடையவையே.

இரண்டாவது பெரிய பணம் பீரங்கியில் வந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரிமியப் போரில் கனத்த பீரங்கிகளைச் சேற்றில் நகர்த்த முடியாமல் பிரிட்டிஷ் படை திணறிய செய்தியைப் படித்து, பின்பக்கம் குண்டு நிரப்பும், உள்ளே திருகுப் பள்ளம் வெட்டிய, எடை குறைந்த பீரங்கியை வடிவமைத்தார். காப்புரிமையை அரசாங்கத்துக்கே கொடுத்தார். 1859-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. பிறகு எல்ஸ்விக் யார் காசு கொடுத்தாலும் விற்றது. அசாமா, தொகிவா, இசுமோ, இவாதே என்று 1905 சூஷிமா கடற்போரில் நின்ற ஜப்பானியக் கப்பல்கள் பலவும் டைன் நதிக்கரையில் பிறந்தவை. கிராக்சைடுக்கு வந்த பெருந்தலைகளில் பாதிப் பேர் இயற்கையை ரசிக்க வந்தவர்கள் அல்ல, வாங்க வந்தவர்கள். அந்த மாளிகை ஒரு விற்பனைக் கூடமும்கூட. 1871-இல் எல்ஸ்விக் உள்ளிட்ட டைன்சைடு தொழிலாளர்கள் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டு ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் முன்னால் நின்று எதிர்த்தவரும் இவரே. கடைசியில் தொழிலாளர்கள் ஜெயித்தார்கள்.

இனி வீட்டுக்கு வரலாம். நியூகாசிலுக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் ராத்பரி என்ற சிற்றூர். சிறு வயதில் இருமல் தொல்லைக்காக ஆம்ஸ்ட்ராங்கை அழைத்துப்போன ஊர். 1863-இல் அங்கே திரும்பப் போனவர், செங்குத்தான ஒரு பள்ளத்தாக்கை வாங்கி, விடுமுறைக்குத் தங்க ஒரு சுமாரான வீடு கட்டினார். 1869-இல் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷாவை அழைத்தார். மற்ற விருந்தாளிகள் வேட்டைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலிலேயே ஷா முழு வீட்டின் வரைபடத்தையும் போட்டு முடித்தார் என்ற கதை இருக்கிறது. கட்டடத்தைப் பார்த்தால் அப்படி ஒரே மூச்சில் பிறந்ததாகத் தெரியாது. பதினைந்து வருடத்துக்கும் மேலாக, ஒவ்வொரு பக்கமாக ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்: பாறைச் சரிவில் ஒரு கோபுரம், மரச்சட்டம் தெரியும் முக்கோண முகப்புகள், நெட்டை நெட்டையாகப் புகைபோக்கிகள். வெளியிலிருந்து பார்க்கப் பிரமாதம். உள்ளே நடந்தால், பழைய சின்ன வீட்டைச் சுற்றிப் பெரிய வீட்டைக் கட்டியதால் வந்த நீண்ட இடைகழிகள். உணவறையிலிருந்து வரவேற்புக் கூடத்துக்குப் போக ஒரு நடைப்பயணம்.

வீட்டுக்குள் தண்ணீர் செய்த வேலைகள் விளக்குக்கு முன்பே தொடங்கிவிட்டன. கீழே டெப்டன் ஓடையை அணைகட்டி டம்பிள்டன் ஏரியை உண்டாக்கினார்கள். அங்கே நீராற்றலாலேயே ஓடிய பம்ப், தண்ணீரை மேட்டிலிருந்த தொட்டிக்கு ஏற்றியது. நிறையத் தண்ணீர் கொஞ்ச உயரம் விழுந்து, கொஞ்சத் தண்ணீரை நிறைய உயரம் ஏற்றும், சூத்திரம் அவ்வளவுதான். உதாரணமாக 10 மீட்டர் விழும் தண்ணீரைக் கொண்டு 60 மீட்டருக்கு ஏற்றினால், இயந்திரத்தின் திறன் 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், பத்து லிட்டர் கீழே போக ஒரு லிட்டர் மேலே போகும். அந்த ஒரு லிட்டர் பிறகு வீட்டுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். அதில்தான் அடுக்களையில் கறி வாட்டும் கம்பி சுழன்றது, லிஃப்ட் ஏறி இறங்கியது, சலவைக் கூடத்து இயந்திரங்கள் ஓடின. பழத்தோட்டக் கண்ணாடி வீட்டில் தொட்டிச் செடிகளை வெயில் எல்லாப் பக்கமும் படும்படி திருப்பிவிட்டதும் தண்ணீர்தான். லிஃப்ட் எஜமானர்களின் சொகுசுக்கு என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு அறையிலும் கணப்பு இருந்த வீட்டில், மாடிக்கு நிலக்கரி சுமப்பது வேலைக்காரர்களின் முதுகை முறிக்கும் வேலை. லிஃப்ட் முதலில் குறைத்தது அதைத்தான்.

மின்சாரப் பகுதிதான் என் கணிப்பில் மிக அழகானது. அதன் அளவுகளை ஆம்ஸ்ட்ராங்கே 1881 ஜனவரியில் ஒரு பொறியியல் இதழுக்குக் கடிதமாக எழுதியதால் துல்லியமாகத் தெரிகிறது. டர்பைனுக்கு, அதாவது விழும் தண்ணீரால் சுழன்று டைனமோவை ஓட்டும் இயந்திரத்துக்கு, கிடைத்த நீர்வீழ்ச்சி 29 அடி, ஏறத்தாழ 8.8 மீட்டர். கிடைத்த ஆற்றல் 6 குதிரைத்திறன், அதாவது சுமார் 4.5 கிலோவாட். டர்பைனின் திறன் 75 சதவீதம் என்று வைத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 70 லிட்டர் தண்ணீர் வேண்டும். நம் மொட்டைமாடியில் நிற்கும் 1000 லிட்டர் தொட்டி அந்த வேகத்தில் பதினைந்து வினாடி தாங்காது. மழை குறைந்த காலத்தில் இவ்வளவு தண்ணீரை ஒரு சிற்றோடை தினமும் தராது. அதனால்தான் டெப்டன் ஏரி என்ற இன்னொரு ஏரி. பகலில் சேமி, இரவில் திற.

டர்பைனிலிருந்து வீடு 1,500 கெஜத் தொலைவு. போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. ஆக மின்னோட்டம் 3,000 கெஜம், சுமார் 2.7 கிலோமீட்டர், செம்புக் கம்பிக்குள் பயணிக்க வேண்டும். பயன்படுத்தியது பர்மிங்காம் கம்பி அளவுமுறையில் முதலாம் எண் கம்பி. அதன் விட்டம் 7.6 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பென்சில் மொத்தம். கணக்குப் போட்டால் கம்பியில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல் செம்பு. ஏன் இவ்வளவு தடிமன்? அந்த நீளத்துக்கு இந்தக் கம்பியின் மின்தடையே ஏறத்தாழ ஒரு ஓம். 10 ஆம்பியர் போனால் 100 வாட் கம்பியிலேயே சூடாகப் போய்விடும். 30 ஆம்பியர் என்றால் 900 வாட். மொத்த உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு! மின்னோட்டம் மூன்று மடங்கானால் இழப்பு ஒன்பது மடங்கு. மெல்லிய கம்பி போட்டிருந்தால் ஓடை சூடாக்கியிருப்பது கம்பியைத்தான், விளக்கை அல்ல. அன்றைக்கு மின்மாற்றி நடைமுறைக்கு வரவில்லை, மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்ப வழியில்லை. தடித்த செம்புதான் ஒரே மருந்து.

மொத்தம் 45 விளக்குகள். ஆனால் ஒரே நேரத்தில் எரிந்தவை அதிகபட்சம் 37. எல்லோரும் உணவறையில் இருக்கும்போது ஓவியக் கூடத்துக்கு எதற்கு வெளிச்சம்? மின்னோட்டத்தை அறை மாற்றி அறைக்குத் திருப்பினார்கள். 33-க்கு 20 அடி நூலகத்துக்கு எட்டு விளக்குகள்: நான்கு, ஓரமாக உள்வாங்கிய பகுதியில் மேலிருந்து தொங்கிய ஒரே தேய்த்த கண்ணாடிக் கோளத்துக்குள், மற்ற நான்கும் எனாமல் பூசிய செம்புச் சாடிகளின் மேல் தனித்தனியாக.

அந்தச் சாடி விளக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதில் சுவிட்ச் கிடையாது. சாடியே சுவிட்ச். சாடி நிற்கும் செம்புப் பீடத்தின் நடுவில், சுற்றிலும் மின்காப்பு செய்த சின்னக் கிண்ணம், கிண்ணத்தில் பாதரசம். உள்ளே வரும் கம்பி அந்தப் பாதரசத்தோடு முடிந்துவிடும். சாடியின் அடியில் உள்ள ஓட்டை வழியாக, மேலே விளக்கிலிருந்து இறங்கும் உறையிட்ட கம்பியின் நுனி மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். சாடியைப் பீடத்தில் வைத்தால் நுனி பாதரசத்தில் முங்கும், விளக்கு எரியும். எடுத்தால் அணையும். திரும்பும் மின்னோட்டத்துக்குத் தனிக் கம்பி இல்லை. சாடியின் செம்பு உடலே அந்த வேலையைச் செய்தது. அதாவது கையால் தொடும் பாத்திரமே மின்சுற்றில் ஒரு பாகம். மின்னழுத்தம் குறைவு என்பதால் தப்பித்தார்கள். இன்றைக்கு எந்த மின் ஆய்வாளரும் கையெழுத்துப் போடமாட்டார். பாதரசத்திலும் தொல்லை உண்டு: இணைப்பு முறியும் ஒவ்வொரு முறையும் பொறி பறக்கும், கொஞ்சம் ஆவியாகும், மேற்பரப்பில் கறுப்பு ஆடை படியும், ஆடை படிந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காமல் விளக்கு சிமிட்டும். திடமான உலோகத் தகடுகளை விடப் பாதரசத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், சாடியை எந்தக் கோணத்தில் வைத்தாலும் திரவம் கம்பியை முழுக்கச் சுற்றிக்கொள்ளும் என்பதுதான் பதில்.

இப்படிப்பட்ட அமைப்பின் பொதுவான நோய்களையும் சொல்லிவிடுகிறேன். பாதி விளக்கை அணைத்தால் டைனமோவின் பாரம் குறைந்து டர்பைன் வேகமெடுக்கும். மீதி விளக்குகள் பளிச்சென்று எரிந்து கார்பன் இழை சீக்கிரம் அறும். எனவே ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தண்ணீர்க் கதவைக் கையால் குறைக்க வேண்டும், அல்லது அணைத்த விளக்குக்கு ஈடாக இன்னொன்றை எரியவிட வேண்டும். மின்னோட்டத்தை அறைக்கு அறை மாற்றியதில் சிக்கனம் மட்டுமல்ல, பாரத்தைச் சமமாக வைத்திருக்கும் வசதியும் இருந்தது. இலையுதிர் காலத்தில் குழாய் வாயிலின் சல்லடையை இலைகள் அடைக்கும். உறைபனியில் வாய்க்கால் கட்டிப்போகும். ஏரியில் வண்டல் சேரச் சேரச் சேமிப்பு குறையும்.

6 குதிரைத்திறன் சீக்கிரமே போதாமல் போனது. 1886-இல் பர்ன்ஃபுட் என்ற இடத்தில் புதிய மின்நிலையம் வந்தது. இந்த முறை தண்ணீர், மேட்டுநிலத்தில் வெட்டிய நெல்லீஸ் மாஸ் ஏரிகளிலிருந்து. நீர்வீழ்ச்சி 340 அடி, அதாவது 104 மீட்டர். முன்பு சொன்ன அதே 4.5 கிலோவாட்டுக்கு இப்போது வினாடிக்கு 6 லிட்டர் போதும். 70 எங்கே, 6 எங்கே! டென்ட்டேல் குவாரியில் ஐம்பது வருடம் முன்பு மனதில் விழுந்த கணக்கு இங்கேதான் முழுதாகத் தீர்ந்தது. வறட்சிக்குக் காப்பாக 1895-இல் ஒரு வாயு இயந்திரமும் சேர்ந்தது. 1945-இல் பொது மின்கம்பி வந்து சேரும்வரை அந்த வீட்டுக்குத் தன் மின்சாரமே.

1884 ஆகஸ்டில் வேல்ஸ் இளவரசரும் இளவரசியும் குழந்தைகளோடு வந்து தங்கினார்கள். அதற்காக அவசர அவசரமாக முடித்த வரவேற்புக் கூடத்தில், ஷாவின் உதவியாளர் லெத்தபி வடிவமைத்த சலவைக்கல் கணப்பு முகப்பு நிற்கிறது. எடை சுமார் 10 டன். பாறைமேல் கட்டிய வீடு என்பதால்தான் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. வேலைப்பாடு அபாரம்; ரசனை என்று கேட்டால், எனக்கு நூலகமே மேல். நூலகத்துக்குக் கீழே 1870 வாக்கில் கட்டிய துருக்கிக் குளியல் அறைகளும் உண்டு.

தோட்டம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆம்ஸ்ட்ராங் 70 லட்சம் மரங்களும் செடிகளும் நட்டார் என்று எல்லா இடத்திலும் படிப்பீர்கள். சுமார் 1,700 ஏக்கருக்கு வகுத்தால் ஏக்கருக்கு 4,100. அதாவது சதுர மீட்டருக்கு ஒன்று. ஏரி, பாறை, பாதை எல்லாவற்றையும் சேர்த்து! ரோடோடென்ட்ரான் புதர்களும், பட்டுப்போய்த் திரும்ப நட்ட கன்றுகளும் கணக்கில் சேர்ந்தால் ஒழிய அந்த எண் நம்பும்படியாக இல்லை. வெறும் கருமண் மேடாக இருந்ததைக் காடாக்கினார்கள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

குடும்பம். ஆம்ஸ்ட்ராங் 1835-இல் மார்கரெட் ராம்ஷாவை மணந்தார். தோட்டத்தின் பெரும்பகுதிக்கு அந்த அம்மாளின் கண்ணும் காரணம். குழந்தைகள் இல்லை. 1887-இல் பிரபுப் பட்டம் கிடைத்தது, வாரிசு இல்லாததால் 1900-இல் அவரோடே முடிந்தது. 1893-இல் மனைவி இறந்த மறுவருடம், 83 வயதில், கடலோரத்து பாம்பரோ கோட்டையை வாங்கிப் பெரும் செலவில் புதுப்பிக்க ஆரம்பித்தார். முடிந்ததைப் பார்க்க அவர் இல்லை. சொத்து அக்காவின் பேரன் வில்லியம் வாட்சனுக்குப் போனது. அவர் ஏற்கெனவே 1889-இல் வாட்சன்-ஆம்ஸ்ட்ராங் என்று பெயரை மாற்றிக்கொண்டிருந்தார். 1903-இல் அதே பட்டம் அவருக்குப் புதிதாக வழங்கப்பட்டது. ஒரு மாளிகை, ஒரு கோட்டை, இரண்டின் பராமரிப்பு, கூடவே முதலீட்டில் விழுந்த பெரிய அடி. 1910-இல் ஓவியக் கூடத்தின் சிறந்த படங்கள், ஓவியர் மில்லேயின் படைப்புகள் உட்பட, ஏலத்துக்குப் போயின. இன்று சுவரில் பார்ப்பது எஞ்சியதும் பிறகு சேர்த்ததும்தான். இந்தப் புதிய பட்டத்தின் இரண்டாம் பிரபு 1972-இல் இறந்தபின், வரிச் சுமைக்கு ஈடாக வீடும் தோட்டமும் 1977-இல், பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தன. பாம்பரோ கோட்டை குடும்பத்திடமே நின்றது.

2006-இல் வீடு முழுக்க மின்கம்பிகளை மாற்ற வேண்டி மூடிவிட்டு, அடுத்த ஆண்டு திறந்தார்கள். 2014-இல் டம்பிள்டன் ஏரியில் 17 மீட்டர் நீள ஆர்க்கிமிடீஸ் திருகு ஒன்றை வைத்தார்கள். 12 கிலோவாட் வரை தரும். தண்ணீரை மேலே இறைக்கத் தோன்றிய திருகை இங்கே தலைகீழாக, விழும் தண்ணீர் சுழற்றுகிறது. குறைந்த உயரம், நிறையத் தண்ணீர் என்ற இடத்துக்கு அதுவே தோது. மீன்களும் அடிபடாமல் கடந்துவிடும்.

போகிறவர்களுக்கு: நேராக வீட்டுக்குள் நுழையாதீர்கள். முதலில் டம்பிள்டன் ஏரி, திருகு, பம்ப் கூடம், பிறகு ஓடையைக் குறுக்கே தாண்டும் இரும்புப் பாலத்திலிருந்து மேலே வீட்டைப் பாருங்கள். எவ்வளவு உயரம் தண்ணீர் ஏற வேண்டியிருந்தது என்பது அங்கே கழுத்தை நிமிர்த்தினால் தெரியும். அதன்பின் அடுக்களை, லிஃப்ட், நூலகம். பர்ன்ஃபுட் மின்நிலையத்துக்கு இறங்கும் பாதை செங்குத்து, மழை பெய்தால் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி வேண்டும். நூலகத்தில் சாடி விளக்குகளின் மேற்பாகத்தையே எல்லோரும் படம் எடுப்பார்கள். நீங்கள் குனிந்து அடிப்பீடத்தைப் பாருங்கள்.